தீப்பெட்டியில் வந்த முகங்கள்

கும்மிடிப்பூண்டியில் ஆரம்பித்து, ஆந்திரா பார்டரைத் தாண்டி, கடல் வற்றி மறுகரை தெரிகிற வரைக்கும் போய்த் தேடினாலும் யேசுதாஸ் சாரைப் போல ஒரு ஆள் கிடைக்க மாட்டார். ஆண்டவர் மனுஷனுக்கு ஒரே ஒரு தடவைதான் முகம் கொடுக்கிறார். சாகும்போது அதையும் திருப்பி வாங்கிக்கொள்கிறார். செத்தவனுக்கு இரண்டாவது தடவை முகம் கொடுத்தவர் உலக சரித்திரத்திலேயே யேசுதாஸ் சார் ஒருத்தர்தான். ராஜாக்கள் கோட்டை கட்டினார்கள், குளம் வெட்டினார்கள், எல்லாம் சரி. ரோலிங் மில்லில் கம்பி உருட்டினவனுக்கு எட்டுக்குப் பத்து ஃப்ளெக்ஸில் முகம் வைக்க எந்த ராஜாவுக்காவது தோன்றியதா?

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், அந்த ஃப்ளெக்ஸ்களில் கடைசி ஏழெட்டை அடித்தவன் நான்தான். பெயர் எபினேசர், எல்லோருக்கும் எபி. ஹெட்மாஸ்டர் பிறந்தநாளுக்கு நானே டிசைன் பண்ணி ஸ்கூல் கேட்டில் ஒரு பேனர் கட்டினேன். ‘கண்ணீர் அஞ்சலி’ என்ற வார்த்தை மட்டும் அதில் இல்லாமல் இருந்திருந்தால் நான் இன்றைக்குப் பன்னிரண்டாவது முடித்திருப்பேன். அதற்கப்புறம் ஜி.என்.டி. ரோட்டில் தணிகாசலம் அண்ணன் ஃப்ளெக்ஸ் கடைதான் எனக்குக் காலேஜ்.

யேசுதாஸ் சார் கடைக்குள் வந்தால் யாரோ செத்துவிட்டார்கள் என்று அர்த்தம். தூரத்தில் அவருடைய டிவிஎஸ் வண்டிச் சத்தம் கேட்டதுமே தணிகாசலம் அண்ணன், “டேய் எபி, யமன் வர்றாரு, ஃபைல தொற” என்பார்.

அவர் வந்து உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுப்பார். தள்ளித் திறந்தால் உள்ளே குச்சி இருக்காது, ஒரு முகம் இருக்கும். பழைய ஐம்பது பைசா அளவில், ஓரம் பிசிறில்லாமல் பிளேடால் வெட்டின ஒரு மனுஷ முகம்.

“நாலு மணிக்கு எடுக்கிறாங்கடா. சீக்கிரம் பெருசாக்கு.”

“பெருசாக்குனா புகை மாதிரி வரும் சார்.”

“நீதான் பெரிய கையாச்சே, புகைய மூஞ்சாக்கு.”

ஆக்குவேன். கண் தெளிவாக இல்லையென்றால் வேறொருவர் கண்ணை எடுத்து வைப்பேன். காது யாருக்கும் ஒன்றுதான். கடைசியில் கழுத்துக்குக் கீழே நீலக் கோட்டும் சிவப்பு டையும் மாட்டிவிடுவேன். எங்கள் கடையில் செத்தவர்கள் எல்லோருக்கும் கோட்டு உண்டு. நான் வருவதற்கு முன்னாடியிருந்தே அதுதான் வழக்கம். உயிரோடு இருந்தபோது முழுக்கைச் சட்டை போடாதவன்கூட எங்கள் பேனரில் வெளிநாட்டுக் கம்பெனி மேனேஜர் மாதிரிதான் நிற்பான். வீட்டுக்காரர்கள் பார்த்து அழுவார்கள், அழகாக இருக்கிறான் என்றும் சொல்வார்கள்.

யேசுதாஸ் சார் வாத்தியார் இல்லை. யூனியன் ஆபீஸ் சாவி அவர் இடுப்பில் தொங்கியதால் வந்த ‘சார்’ அது. அவருடைய அப்பா அம்மா எளாவூர் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். மில் வந்தபோது, சேற்றிலிருந்து எடுத்த காலை நேராக சேஃப்டி ஷூவில் விட்டவர்களில் அவரும் ஒருத்தர். கம்பெனி எல்லோருக்கும் ஒரே சைஸ் ஷூ கொடுத்ததாம். வெறுங்காலில் நடந்து அகன்ற பாதம் எதுவும் அதற்குள் நுழையவில்லை. யூனியன் ஆரம்பித்ததே அந்த ஷூ சைஸுக்காகத்தான். ஜெயித்தார்கள். அதற்கப்புறம் அப்படி முழுசாக ஜெயித்ததில்லை என்று அவரே சொல்வார்.

மில் மூடி வருஷங்கள் ஆகிவிட்டன. கோர்ட்டில் கேஸ் நடக்கிறது. கேஸ் நடக்கிற வேகத்தைவிட ஆட்கள் சாகிற வேகம் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். மிச்சம் இருப்பவர்கள் தேர்வாய் கண்டிகையில் ஏதாவது ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி உடுப்பில் நிற்கிறார்கள். அவர்கள் போட்டிருக்கிற ஷூவுக்குச் சைஸ் கேட்க யூனியன் கிடையாது.

யூனியன் என்று மிஞ்சினது சர்வீஸ் ரோட்டோரம் ஷீட் போட்ட ஒரு ரூம். உள்ளே கொடிகள், பேட்டரி செத்த மைக், நோட்டீஸ் கட்டுகள், ஒரு புளூபிரிண்ட், சுவர் நிறைக்கிற ஒரு போட்டோ. போட்டோ 1999-ல் எடுத்தது. மில் கேட்டுக்கு முன்னால் நான்கு வரிசையில் மெம்பர்கள் அத்தனை பேரும். எடுத்த ஸ்டூடியோவும் இல்லை, நெகட்டிவும் இல்லை. தீப்பெட்டி முகங்கள் எல்லாம் அதிலிருந்துதான் வந்தன.

முதலில் போனவர் அன்புராஜ். ஞாயிற்றுக்கிழமை, ஸ்டூடியோக்கள் எல்லாம் பூட்டியிருந்தன, ஃப்ளெக்ஸ் கடை மட்டும் திறந்திருந்தது. வீட்டில் இருந்தது ரேஷன் கார்டு போட்டோ ஒன்றுதான், அதில் அவர் போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி இருந்தார். யேசுதாஸ் சார் பிளேடை எடுத்தார். ஃப்ளெக்ஸ் அடித்துவிட்டுத் திருப்பி ஒட்டிவிடலாம் என்றுதான் வெட்டினார். ஆனால் அன்புராஜின் சம்சாரம் அமிர்தா அக்கா அந்தத் துண்டைக் கையில் வாங்கி மூடினார், மூடின கையைத் திறக்கவே இல்லை. பொணம் கிடக்கிற வீட்டில் கையைப் பிரித்தா எடுக்க முடியும்?

அடுத்த சாவுக்கு, போட்டோவைச் சும்மா கடைக்குத் தூக்கிப் போய் ஸ்கேன் பண்ணியிருக்கலாம். பண்ணவில்லை. ஏன் என்று ஒரு நாள் கேட்டேன்.

“அன்புராஜுக்கு ஒரிஜினல் குட்த்துட்டு மத்தவனுக்கு ஜெராக்ஸ் குட்த்தா, அது பாகுபாடுடா. அத எதிர்க்கத்தான யூனியனு?”

யூனியனில் செத்தால் கொடி, ஃப்ளெக்ஸ், ஒரிஜினல் முகம். இது உரிமை ஆகிவிட்டது. போட்டோவில் ஓட்டைகள் கூடிக்கொண்டே போயின.

உரிமை மெம்பருக்கு மட்டும்தான். எங்கப்பா மோகன்ராஜும் அதே மில்தான், ஆனால் கான்ட்ராக்ட். கான்ட்ராக்ட் ஆளை யூனியனில் சேர்க்க மாட்டார்கள். ஸ்கிராப் யார்டில் கிரேன் சங்கிலி அறுந்து அவர் மேல் விழுந்தபோது எனக்கு நாலு வயசு. மேலே போர்த்த ஒரு கொடி கேட்டு அம்மா இந்த ரூம் வாசலில் போய் நின்றாளாம். யேசுதாஸ் சார், “மெம்பருக்குத்தாம்மா கொடி, ரூலு அப்பிடி” என்றாராம். ரூல் என்றால் ரூல்தான். நான் அதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. என் மனசில் சினிமாப் பாட்டே இடம் கொள்ளாமல் கிடக்கிறது.

இந்த வருஷம் ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று ரூம் சுவரில் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார்கள். கோடு சரியாக யேசுதாஸ் சார் உட்காருகிற நாற்காலி வழியாகப் போனது. அவர் ரூமுக்காகப் போராடவில்லை. போராட ஆளும் இல்லை. இந்தச் சாமானையெல்லாம், முக்கியமாக அந்தப் போட்டோவை, யாராவது எடுத்து ஒரு இடத்தில் வைக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டார். சர்ச்சில் கேட்டார், ஸ்டோர் ரூமில் கிறிஸ்துமஸ் குடில் சாமான் இருக்கிறது என்றார்கள். லைப்ரரியில் கேட்டார், புஸ்தகம் இருந்தால் கொடுங்கள் என்றார்கள். வீட்டில் அவர் சம்சாரம் சாராள் அம்மா, “ஊடே ஒழுவுது, இதுல ஊரு மூஞ்சியெல்லாம் கொணாந்து எங்க மாட்டுவ?” என்றார்.

அப்போதுதான் ஸ்ரீவாணி மேடம் வந்தார். திருவள்ளூர்க்காரர், சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்தில் வேலை. பழைய காகிதம், பழைய போட்டோ எல்லாம் சேர்த்து, பூச்சி வராமல், ஈரம் படாமல், பெயர் எழுதிப் பெட்டியில் வைக்கிற இடமாம். மூன்று வகையாகச் சேர்க்கிறார்களாம். மாணவர்கள் வாழ்க்கை, தொழிற்சங்கம், ஊர்த் திட்டம். மூன்றில் இரண்டு நம்ம ரூமிலேயே இருக்கிறதே என்று யேசுதாஸ் சாருக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை. தலைக்கு டை அடித்திருந்தார். எனக்கும் லீவ் போடச் சொன்னார். சாமான் தூக்க என்று சொன்னாலும், கூட ஒரு ஆள் வேண்டும் என்பதுதான் விஷயம்.

மேடம் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு நோட்டீஸ் கட்டைப் பிரித்தார். ஹாஸ்டலில் சாம்பார் சரியில்லை என்று பசங்கள் அந்தக் காலத்தில் போட்ட நோட்டீஸ்கூட அவர்கள் பெட்டியில் இருக்கிறதாம்.

“சாம்பாருக்கு ஸ்ட்ரைக் பண்ணதையா பத்ரமா வெச்சிகினு கீறீங்க?” என்றார் யேசுதாஸ் சார்.

“ஆமா சார். நூறு வருஷம் கழிச்சுப் படிக்கறவாளுக்கு அதுவும் தெரியணுமே.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சாம்பாருக்கே இடம் இருந்தால் நமக்கு நிச்சயம் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

புளூபிரிண்ட்டை விரித்ததும் மேடம் கையுறைக் கையை வாயில் வைத்துக்கொண்டார். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் வந்தபோது போட்ட பிளான் அது. தொழிலாளர் குடியிருப்பு, பள்ளிக்கூடம், பூங்கா, நடுவில் வட்டமாக ஒரு நீரூற்று. எதுவும் கட்டவில்லை. அந்த இடத்தில் இப்போது குடோன் இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் ஷிஃப்ட் முடிந்தால் இவர்கள் பிளானைத் தூக்கிக்கொண்டு அந்த முள்ளுக்காட்டுக்குப் போய், இது என் வீடு, அது உன் வீடு என்று நிற்பார்களாம். ஒவ்வொரு கட்டத்திலும் பென்சிலில் ஒரு பெயர் இருந்தது. பூங்கா ஓரத்து வீட்டுக்கு அன்புராஜும் லோகுவும் சண்டை போட்டு ஒரு மாதம் பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

“இது பெரிய பொக்கிஷம் சார். இதைக் கண்டிப்பா எடுத்துப்போம்.”

“அப்ப இத்தயும் பாருங்க மேடம்” என்று யேசுதாஸ் சார் போட்டோவை மூடியிருந்த துணியை எடுத்தார்.

மேடம் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். நான்கு வரிசை சட்டைகள், கைகள், கொடிகள். பாதிக்கு மேல் முகமே இல்லை. ஓட்டை வழியாகச் சுவர் தெரிந்தது.

“என்ன சார் இது, பூச்சி அரிச்சுடுத்தா?”

“பூச்சி இல்ல மேடம். நான்தான்.”

எல்லாவற்றையும் சொன்னார். மேடம் கண் கலங்கினது நிஜம். கலங்கிக்கொண்டே, கமிட்டியில் ஒத்துக்கொள்வது கஷ்டம் என்றும் சொன்னார். யார் யார் என்று அடையாளம் காட்ட முடிந்த படத்தைத்தான் எடுப்பார்களாம். “முகமெல்லாம் திரும்பக் கிடைச்சா, ஒட்டித் தர எங்ககிட்டயே ஆள் உண்டு. முயற்சி பண்றேளா சார்?”

முயற்சி பண்ணினோம். முதலில் அமிர்தா அக்கா வீடு. போகிற வழியெல்லாம் யேசுதாஸ் சார் வண்டியில் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். “அம்மாடி, ஒரு சின்ன விசயம்... இல்லடா, தங்கச்சி, ஒரு உதவி...” அங்கே சுவரில் அன்புராஜ் கோட்டு சூட்டில், சீரியல் லைட் நடுவில் மின்னி மின்னி அணைந்துகொண்டிருந்தார். அக்கா டீ போட்டுக் கொடுத்தார். ஜெபப் புத்தகத்தைத் திறந்து அந்தத் துண்டு முகத்தை எடுத்து, முந்தானையில் துடைத்து, எங்களிடம் காட்டினார். மூக்கு தேய்ந்து வெள்ளையாகிவிட்டிருந்தது.

“தெனிக்கும் ஒரு முத்தம் குடுப்பேண்ணா. உயிரோட இருந்தப்ப இந்த ஆளு மூஞ்சி காட்னதே இல்ல, எந்நேரமும் யூனியன் யூனியன்னு.” சிரித்தார். “இன்னாண்ணா, ஏதோ கேக்கணும்னு வந்தியே?”

“சும்மா பாத்துக்கினு போலாம்னுதாம்மா வந்தேன்.”

வேறு எந்த வீட்டுக்கும் அவர் வண்டியைத் திருப்பவில்லை. “பேஜாரு புடிச்ச வேலடா” என்றார். அத்தோடு சரி.

எனக்குக் கை அரித்தது. செத்தவர்கள் எல்லோரும் எங்கள் கடை கம்ப்யூட்டரில்தானே படுத்திருக்கிறார்கள்? ஓட்டைப் போட்டோவை போனில் எடுத்து, ஒவ்வொரு ஓட்டையிலும் அந்தந்த ஆளைத் திருப்பி வைத்தேன். சும்மா ஒரு தமாஷுக்குத்தான். முகத்தை மட்டும் வைத்தால் கழுத்து பொருந்தவில்லை, அதனால் கோட்டோடு வைத்தேன். பார்த்தால், வேகாத வெயிலில், மில் கேட் முன்னால், கொடி பிடித்துக்கொண்டு, பாதிப் பேர் நீலக் கோட்டும் சிவப்பு டையுமாக நிற்கிறார்கள். முதலாளிகள் ஸ்ட்ரைக் பண்ணுகிற மாதிரி இருந்தது. ஒரே ஒரு ஓட்டை மிஞ்சியது. லோகு. அவர் முகம் இருந்த ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது, குடும்பமும் நெல்லூர்ப் பக்கம் போய்விட்டது. ஏதோ ஒரு முகத்தை எடுத்து அதில் வைத்தேன். யாருக்குத் தெரியப்போகிறது?

கதவு அகலத்துக்கு ஃப்ளெக்ஸ் அடித்துக் கொண்டுபோய் விரித்தபோது யேசுதாஸ் சார் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்து இருமலில் போய் முடித்தார்.

“டேய், இவனுங்கல்லாம் எப்பட்றா கம்பெனி டைரக்டர் ஆனானுங்க?”

மேடம் திரும்ப வந்தபோது அதையும் காட்டினோம். அவரும் சிரித்தார். ஆனால் மாற்றின படத்தைக் காப்பகம் எடுக்காதாம். நிஜப் போட்டோவையும் கமிட்டி வேண்டாம் என்றுவிட்டது. புளூபிரிண்ட்டை மட்டும் ஒரு நீளக் குழாயில் சுருட்டி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு ரயிலுக்குப் போனார். கூடவே நோட்டீஸ் ஒரு கட்டு. கட்டாத வீட்டுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. அதில் குடியேற இருந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. மேடத்தைக் குற்றம் சொல்ல முடியாது. போகும்போது மேடம் யேசுதாஸ் சாரின் காலைத் தொடக் குனிந்தார், இவர்தான் பதறிப்போய் நாற்காலிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

அடுத்த வாரம் ஜேசிபி வந்தது. ரூம் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடிந்துவிட்டது. கொடிகளை லாரி டிரைவர்கள் வண்டி துடைக்க எடுத்துக்கொண்டார்கள். யேசுதாஸ் சார் தடுக்கவில்லை.

அதற்கப்புறம் அவரைப் பற்றி வந்த சேதி எதுவும் நன்றாக இல்லை. தேர்வாய் கண்டிகையில் ஒவ்வொரு கம்பெனி கேட்டாகப் போய், அங்கே செக்யூரிட்டியாக நிற்கிற பழைய மெம்பர்கள் கையில் ஆளுக்கொரு தீப்பெட்டி கொடுக்கிறாராம். போட்டோவில் மிச்சமிருந்த முகங்களையும் வெட்டிவிட்டார். “சாவறப்ப குடுக்க நான் இருப்பனோ மாட்டனோ, இப்பவே வெச்சுக்கடா” என்றாராம். ஒருத்தர் பயந்துபோய் வாங்கவில்லையாம். தணிகாசலம் அண்ணன், “நம்ம வியாபாரம் போச்சுடா” என்றார்.

ஐப்பசி மழையில் நான் அவர் வீட்டுக்குப் போனேன். ஒழுகுகிற கூரைக்குக் கீழே சாராள் அம்மா என் ஃப்ளெக்ஸை இழுத்துக் கட்டியிருந்தார். வேறு எந்த ஃப்ளெக்ஸாக இருந்தாலும் படம் மேலே போகும்படிதான் கட்டுவார்கள். இதைப் படம் கீழே பார்க்கும்படி கட்டியிருந்தார்கள். யேசுதாஸ் சார் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார், மெம்பர்கள் கோட்டு சூட்டோடு மேலிருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் மழைத் தண்ணீர் தேங்கி அன்புராஜுக்குத் தொப்பை போட்டிருந்தது.

“ஒக்காரு” என்றார். குரல் இறங்கிவிட்டிருந்தது. மூச்சு இழுத்தது. அந்த மில் தூசிக்கு டாக்டர் இங்கிலீஷில் ஒரு பெயர் சொல்லியிருந்தார். அதன் அர்த்தத்தை யாரும் கேட்கவில்லை.

தலையணைக்கு அடியிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து என் கையில் வைத்தார். திறந்து பார்த்தேன். கறுப்புத் தலைமுடியோடு, சிரிக்கிறதா முறைக்கிறதா என்று தெரியாமல், 1999-ம் வருஷத்து யேசுதாஸ் சார்.

“இத இன்னாத்துக்கு சார் எங்கிட்ட?”

“நீதான அடிக்கப் போற. சாராளுக்கு அப்ப தேடத் தோணாது.”

“உங்களுக்கு டபுள் பட்டன் கோட்டாவே மாட்டி உடறேன் சார்” என்றேன்.

“கோட்டு வேணாம். சட்டையோடவே இருக்கட்டும்.” மேலே பார்த்தபடியே சொன்னார். “உங்கப்பனுக்கு மாட்டாம உட்ட இல்ல? அந்த மாதிரி.”

“எங்கப்பாவா? அவரு எங்க சார் இதுல?”

“மூணாவது வரிச. லோகு எடத்துல.” கையைத் தூக்கிக் காட்டினார். விரல் சரியான இடத்தில் நின்றது. “இந்த போட்டோ எடுக்கச்சொல்ல உங்கப்பன் பள்ளிக்கூடத்துல டவுசர் போட்டுக்கினு இருந்திருப்பான். மெம்பரும் கெடையாது. செத்தவன் அத்தினி பேருக்கும் கோட்டு மாட்டி உட்டியே, இவனுக்கு மட்டும் ஏன்டா மாட்டல?”

“கோட்டு ஸ்டாக் தீந்துபோச்சு சார்.”

கூரையில் மழை அறைந்துகொண்டிருந்தது. சாராள் அம்மா ஒரு குச்சியை எடுத்து வந்து அன்புராஜின் தொப்பையைக் குத்தித் தண்ணீரை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனார். யேசுதாஸ் சார் மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

“பொய் சொன்னா ஒனக்கு வலது காது செவக்குதுடா. மோகனுக்கும் அப்பிடித்தான்.”